பெயருக்குப் பதில் ஒரு கோடு

என் அன்பான அவியளுக்கு,

இன்று காலை உங்கள் பெட்டியைத் திறந்தேன். ரேஷன் கார்டைப் புதுப்பிக்க வேண்டும், குடும்பத் தலைவர் காலமான சர்டிபிகேட்டோடு வாருங்கள் என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அந்தக் காகிதம் பெட்டியின் அடியில் இருந்தது. அதற்கு மேலே நம் பொம்மை ஐயாக்கண்ணு மல்லாந்து படுத்திருந்தான். அவனைத் தூக்கியதும் குப்பென்று அதிமதுர வாசனை. அவன் தலைக்குள் ஏதோ உருண்டது. வாயைத் திறந்து குலுக்கினேன். நீங்கள் பாதி கடித்து வைத்த அதிமதுரத் துண்டு ஒன்று என் மடியில் விழுந்தது. தொண்டைக்கு நல்லது என்று கன்னத்தில் அடக்கிக்கொண்டே மேடை ஏறுவீர்கள். ஆட்டம் தொடங்கும்போது துப்ப மனம் வராமல் பொம்மை வாய்க்குள் போட்டுவிடுவீர்கள். ஐயாக்கண்ணு தலைக்குள் எறும்பு வைத்துக்கொண்டே இத்தனை ஊர்களில் சிரித்திருக்கிறான், பாவம்.

ஆபீசுக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். இருபது வருஷம் உங்களுக்கு வசனம் எழுதியவள் நான். சிரிப்பை முதலிலேயே கொட்டிவிட்டால் கூட்டம் எழுந்து போய்விடும் என்று எனக்குத் தெரியாதா?

நம் கல்யாணத்திலிருந்து தொடங்குகிறேன். வன்னியம்பட்டியில் எங்கள் சின்ன ஓட்டுக் கோயில். பாதிரியார் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னாளாகிய நான், இன்னாராகிய உம்மை என்று வருகிற இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். எந்த ஊரில் எந்தப் பெண் புருஷன் பெயரை வாயால் சொன்னாள்? அந்த இடம் வந்ததும் நான் இருமினேன். பாதிரியார் மறுபடி கேட்டார். மறுபடியும் இருமினேன். மூன்றாவது தடவை அவரே பெருமூச்சு விட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். உங்கள் பெரியம்மா என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்குக் காசம் கீசம் உண்டா தாயி?" என்று கேட்டது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது வில்வண்டியில் நீங்கள் என் பக்கம் சாய்ந்து சொன்னீர்கள்: "ஏட்டி, பேரைச் சொன்னாத்தான் கல்யாணம் செல்லும். நமக்கு இன்னும் ஆகல பாத்துக்கோ."

"சும்மா வாங்க. வண்டிக்காரரு கேக்காரு."

"கேக்கட்டுமே. அவரு சாட்சி. ஒரு தடவை சொல்லேன்."

நான் சொல்லவில்லை. நீங்களும் விடவில்லை. குழம்பில் உப்புக் கூடினால், "கல்யாணம் ஆகாத பிள்ளைதானே, பழகிக்கிடுவா" என்பீர்கள். நம் மகள் எஸ்தர் பிறந்தபோதுகூட மருத்துவச்சிக்கு எதிரிலேயே அதைச் சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து நீங்களே வெளியே ஓடினீர்கள்.

தினமும் ரயிலில் போய், ராஜபாளையம் பஞ்சுப் பேட்டையில் எடை போட்டுக்கொண்டு ஒழுங்காக இருந்த மனிதர் நீங்கள். ஒரு சர்க்கஸ் வந்து நம் குடும்பத்தைக் கெடுத்தது. அதில் ஒரு துரை மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசினாராம். மறுநாளிலிருந்து நீங்களும் வீட்டில் உதடு அசையாமல்தான் பேசுவது. பல்லைக் கடித்துக்கொண்டு, "தாத்திரத்தைத் தா" என்பீர்கள். பாத்திரம் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரியப் பத்து நாளாயிற்று. வாய் கோணிவிட்டது, வாதம்தான் என்று பக்கத்து வீட்டார் முடிவு கட்டி, ஆளுக்கொரு எண்ணெயோடு வந்தார்கள். எல்லா எண்ணெயையும் வாங்கி வைத்துக்கொண்டு நான் விளக்கேற்றினேன்.

நம் ஊர் மடவார் வளாகத்தில் சாமி வாகனங்கள் செய்கிற ஆசாரியிடம் கல்யாண முருங்கையில் பொம்மை செய்யச் சொன்னீர்கள். பத்து வயதுப் பையன் முகம் வேண்டும் என்றீர்கள். அவருக்குக் கை பழகியது வாகனம் தூக்கும் பூதத்தின் முகம். பையன் உடம்பில், உருட்டி முழிக்கும் பூதக் கண்ணோடு வந்து சேர்ந்தான் ஐயாக்கண்ணு. எஸ்தர் ஒரு வாரம் வீட்டுக்குள் வர மறுத்தாள்.

வசனம் எழுதும் வேலை எனக்கு வந்தது. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் காப்பி எழுதிய தாள்களின் பின்பக்கம் உங்கள் வசனங்கள். உதடு சேரவேண்டிய ப, ம இரண்டும் ஐயாக்கண்ணுக்கு ஆகாது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் தமிழில் அம்மா இல்லை, அப்பா இல்லை, மாமா இல்லை. ஒரே நாளில் பொம்மை அனாதையாகிவிட்டது. ஆனால் உங்கள் பெயரில் அந்த எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஐயாக்கண்ணு உங்களை, "ஏலே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்குவான். அந்த இடத்தில் நான் பெயரை எழுதமாட்டேன். ஒரு கோடு போடுவேன். கோட்டைப் பார்த்ததும் நீங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டியது. இந்த மடலில்கூட மேலே பெயருக்குப் பதில் அவியதான் இருக்கிறது, கவனித்தீர்களா?

"ஏலே —, நீ என்ன தொழில் செய்யுத?"

"பஞ்சு நிறுக்கேன்."

"அதான் தலையில ஒட்டிக்கிட்டு இருக்கா?"

"அது நரைலே!"

இதற்கு ஊர் ஊராகச் சிரித்தார்கள். பொம்மையின் குரலை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்பவர்களிடம் சர்க்கஸ் துரை பெயரைச் சொல்வீர்கள். பொய். மூக்கை அடைத்துக்கொண்டு நான் உங்களைத் திட்டினால் எப்படி இருக்குமோ அதுதான் ஐயாக்கண்ணு குரல். திட்டுவது நான், கைதட்டு வாங்குவது நீங்கள் என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

நாடகக் கொட்டகைகளில் ராஜா கிரீடம் மாற்றும் நேரத்தை நிரப்புவது உங்கள் பிழைப்பாயிற்று. எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊருக்கு நான் பள்ளி விட்டதுமே போய், குழாயடியில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு நின்றால் போதும். யார் புதுக் குடை வாங்கி மழைக்குக் காத்திருக்கிறார், யார் மாமியாருக்குப் பயந்து காப்பியைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வைத்துக் குடிக்கிறாள், எல்லாம் வந்து விழும். பெயரைச் சொல்லாமல், குடையை மட்டும் ஐயாக்கண்ணு சொல்வான். ஊரே திரும்பிக் குடைக்காரரைப் பார்க்கும். வம்பு பேசுவது பாவம் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஆறு நாள் சேர்ப்பேன், ஏழாம் நாள் மன்னிப்புக் கேட்பேன்.

பிறகு டாக்கி வந்தது. படமே பேசவும் பாடவும் தொடங்கியபின் நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. ஐயாக்கண்ணு பெட்டிக்குள் போனான். நீங்கள் மறுபடி தராசுக்குப் போனீர்கள். ராத்திரி சாப்பிடும்போது வாயே திறக்கமாட்டீர்கள், பொம்மைக்காகவும் சரி, உங்களுக்காகவும் சரி. அந்த இரண்டு வருஷம் வீட்டில் இருந்த அமைதி மாதிரி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நன்றாகவே இல்லை.

ராஜபாளையத்தில் புதிதாக ஒரு சினிமாக் கொட்டகை திறந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் முதலாளி. படம் காட்டும் மிஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை இருட்டில் ஜனங்கள் விசிலடித்துப் பெஞ்சை உதைத்தார்கள். நீங்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டீர்கள்.

"ஏமய்யா, திரையில மனுசங்களே பேசுதாங்க. உம்ம கட்டை பேசுனா யாரு கேப்பா?" என்றார் அவர்.

"கேப்பாங்க முதலாளி. இது திருப்பிப் பேசும்."

அவர் யோசித்தார். "பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டம். பொம்பளைங்க நெறைய வருவாங்க. சிரிச்சாங்கன்னா நெரந்தரமா வச்சுக்கிடுதேன். சிரிக்கலேன்னா ஒரு கிராமபோன் வாங்கிப் போட்டுருவேன்."

கிராமபோனோடு போட்டி. உங்களுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கிறிஸ்துமஸ் பஜனைக்குப் போனீர்கள். மார்கழிப் பனியில் விடியுமுன் தெருத்தெருவாகப் பாடுகிற கூட்டத்தில் முன்வரிசையில் நின்று, எல்லாரையும்விட ஒரு கட்டை மேலே. "மெதுவா பாடுங்க, தொண்டை வேணும்" என்றேன். "கர்த்தருக்குக் கேக்க வேண்டாமா?" என்றீர்கள். கேட்டிருக்கும். அதற்குப் பிறகு வேறு யாருக்கும் கேட்கவில்லை. குரல் கட்டியது, பின் காற்றாயிற்று, பின் காற்றும் நின்றது. அதிமதுரம், சித்தரத்தை, மிளகு, கோழி ரசம் எதற்கும் அசையவில்லை. பொங்கலும் கழிந்தது.

சனிக்கிழமை எஸ்தரின் பழைய சிலேட்டை எடுத்து எழுதினீர்கள்: நீ பேசு.

சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்துத் துணிக்குப் பின்னால் நான் நிற்பது, நீங்கள் மடியில் பொம்மையை வைத்து வாயை மட்டும் அசைப்பது. வசனம் எனக்கு மனப்பாடம். குரலும் என்னுடையதுதானே. இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்தோம். பெயர் வருகிற இடத்தில் மட்டும், "ஏலே ம்ம்ம்" என்று முனகிவிட்டு மேலே போனேன். சிலேட்டில் எழுதினீர்கள்: பேர்?

"அங்க போயிச் சொல்லிருவேன். சும்மா இருங்க."

சொல்லிவிடுவேன் என்றுதான் நம்பினேன். முகம் தெரியாத இடம், குரலும் என்னுடையதாகத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ராஜபாளையத்துக்கு ரயிலேறினோம். கொட்டகையில் பெண்கள் பக்கம் பிதுங்கி வழிந்தது. முதல் ரீல் முடிந்தது. விசில். நீங்கள் முக்காலியில் உட்கார்ந்தீர்கள். துணியில் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். பின்பெஞ்சில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐயாக்கண்ணு வாயைத் திறந்தான்.

"ஏலே…" என்றேன்.

அடுத்தது வரவில்லை. நாக்கு இருந்த இடத்தில் மரக்கட்டை. நீங்கள் மறுபடி பொம்மையின் வாயைத் திறந்தீர்கள்.

"ஏலே…"

மூன்றாவது தடவையும் திறந்தீர்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். என் வாயிலிருந்து இது வந்தது:

"ஏலே… இங்கேருங்க… எஸ்தரு அப்பா!"

விசிலடித்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தடிமாடு மாதிரி இருக்கும் உங்களை ஒரு மரப்பையன், பெண்டாட்டி கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டால் ஜனங்கள் என்னதான் செய்வார்கள்? போயிற்று, கிராமபோன் வந்தாயிற்று என்று புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் குரல். சோழபுரத்திலிருந்து கத்தரிக்காய் கொண்டுவந்து விற்கிற செல்லத்தாயி எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏட்டி! அந்தப் பொம்மைக்குக் கல்யாணம் ஆயிட்டுட்டி! புருசன் பேரைச் சொல்ல மாட்டேங்கு!"

அவ்வளவுதான். கூரைத் தகரம் அதிர்ந்தது. கல்யாண வீட்டில் புதுப்பெண்ணைச் சுற்றி நின்று வம்பு செய்வது போல அத்தனை பெண்களும் கைதட்டிக்கொண்டு தொடங்கினார்கள்: "பேரைச் சொல்லு! பேரைச் சொல்லு!"

நீங்கள் செய்ததை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். குரல் இல்லாத மனிதர், ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஐயாக்கண்ணு தலையில் முக்காடாகப் போட்டீர்கள். அவன் முகத்தை மெல்லத் திருப்பி உங்கள் தோளில் புதைத்தீர்கள். பூதக் கண் மறைந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு உயிர் வந்தது. "ஏன் இப்படி வெரட்டுதிய? ஒங்க ஒங்க வீட்டுக்காரரு பேரை நீங்க சொல்லுங்க பாப்போம்!"

"நல்லாருக்கே!" என்றாள் செல்லத்தாயி. "ஆறுமுகம்னு நான் என்னைக்காவது வாயால சொல்லியிருக்கனா?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஆறுமுகமே எழுந்து ஓடினாராம். நான் பார்க்கவில்லை, எனக்கு வேலை இருந்தது.

"எங்க வீட்ல இருக்காவளே, இவியளைப் பாருங்க," என்று தொடர்ந்தேன். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து வாயத் தொறந்ததே கிடையாது. எல்லாம் நாந்தான் பேசணும். கேட்டுப் பாருங்க, ஒரு வார்த்தை சொல்லுதாவளான்னு!"

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். நிஜமாகவே எதுவும் வரவில்லை. திறந்த வாயோடு கூட்டத்தைப் பரிதாபமாகப் பார்த்தீர்கள். ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து கீழே உட்கார்ந்தாள். மிஷின்காரர் ரீலை மாட்டிவிட்டுப் படத்தை விட மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக அம்மா என்று சொல்லாத பொம்மை அன்று அம்மா, மாமியார், மாமனார் எல்லாரையும் இழுத்துப் பேசியது. என் உதட்டைத்தான் யாரும் பார்க்கவில்லையே!

முதலாளி பின்பக்கம் வந்து துணியை விலக்கினார். புடவைத் தலைப்பும் நானுமாக நின்றேன்.

"நீங்களாம்மா பேசுனது?"

"தப்பா நெனைக்காதிய. அவியளுக்குத் தொண்டை கட்டிட்டு. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

"பாக உந்தி!" என்று தெலுங்கில் பாராட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கிராமபோன் வேண்டாம். ஆனா ஒண்ணு. அந்தப் பேரை மட்டும் பொம்மை சொல்லிரக் கூடாது. சொன்னா அன்னையோட ஆட்டம் தீந்துது."

சிலேட்டை ரயிலில் எடுத்தீர்கள். நல்லா இருந்தது என்று எழுதுவீர்கள் என்று எட்டிப் பார்த்தேன். "இனிமே நம்ம கல்யாணம் செல்லவே செல்லாது" என்று எழுதியிருந்தீர்கள்.

இரண்டு மாதத்தில் குரல் வந்துவிட்டது. ஐயாக்கண்ணு பிறகு முக்காட்டை எடுக்கவில்லை. நோட்டீசில் பேர் சொல்லாப் பொம்மை என்றே போட்டார்கள். இந்த வாரமாவது சொல்லுமா என்று பார்க்கவே வந்த பெண்கள் உண்டு. யுத்த காலம் முழுவதும், படச்சுருள் கிடைக்காத நாளிலும், எட்டு வருஷம் அந்த ஒரு பெயரைச் சொல்லாமலே நாம் சாப்பிட்டோம். நீங்கள் நச்சரிக்கும்போதெல்லாம் எனக்கும் பதில் கிடைத்துவிட்டது: "சொல்லிருவேன். பொறவு வேலை போயிரும், பரவால்லையா?"

போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள். "இனிமே ஆட்டம் கிடையாதுட்டி. இப்பவாது சொல்லேன்."

"முதலாளி கோவிச்சுக்கிடுவாரு. வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்."

நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கேட்கிற நிலையில் வரவில்லை.

இப்போது தாலுகா ஆபீஸ். கூட்டம். என் முறை வந்தது. குமாஸ்தா நல்ல பையன்தான், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"காலமானவரு பேரு?"

"காயிதத்துல இருக்கு."

"மழைத் தண்ணி பட்டுக் கலைஞ்சிருக்கும்மா. வாயால சொல்லுங்க."

"நான் எப்படிய்யா சொல்ல?"

"கூட வந்தவங்களச் சொல்லச் சொல்லுங்க."

"யாரும் வரல. கோடு போட்டுக்கிடுதியளா?"

"கோட்டுக்கெல்லாம் அரிசி போட மாட்டாங்கம்மா," என்றார். எனக்கு இந்த வசனம் முன்பே தோன்றாமல் போயிற்றே என்று பொறாமையாக இருந்தது.

பின்னால் நின்ற பெண்கள் முண்டியடித்தார்கள். காலையில் மடியில் விழுந்த அந்த அதிமதுரத் துண்டு என் கன்னத்தில் இருந்தது. ஆம், எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் போனேன். எறும்பைப் பார்த்துத் துடைத்துவிட்டுத்தான். நான் கூரையைப் பார்த்தேன். உதட்டை லேசாகத் திறந்து அப்படியே நிறுத்தினேன். பல்லுக்குப் பின்னால் நாக்கை வைத்தேன், நீங்கள் செய்வீர்களே அதுபோல. குமாஸ்தாவின் மேஜைக்கு அடியிலிருந்து ஐயாக்கண்ணு கூப்பிட்டான்.

"ஏலே —!"

கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆபீசில் கோடு இல்லை. முழுப் பெயர். எல்லாருக்கும் கேட்டது.

குமாஸ்தா குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாரும்மா சொன்னது?"

"நான் உதட்டை அசைச்சனாய்யா?"

"இல்ல."

"அப்ப நான் சொல்லல. நீங்க எழுதுங்க."

எழுதினார். பின்னால் நின்ற ஒரு பெண், "ஏட்டி, இது பேர் சொல்லாப் பொம்மை குரல்லா!" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண் ஒரு மாதிரி இருந்தது, ஆபீஸ் தூசி.

கார்டு இதோ மேஜையில் இருக்கிறது. ஐயாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து பூதக் கண்ணால் அதைப் பார்க்கிறான், முக்காடு இல்லாமல். அதிமதுரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கன்னத்திலேயே வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோது வாயை அசைக்காமல் இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். ப இல்லை, ம இல்லை. எனக்கு எவ்வளவு வசதியான மாப்பிள்ளையைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்!

ஆக, இன்று பகல் பதினொன்றரை மணிக்கு, குமாஸ்தா முன்னிலையில், அரிசிக்கு நின்ற அத்தனை பேரும் சாட்சியாக, நம் கல்யாணம் செல்லுபடியாகிவிட்டது. நான் இருமவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி